கரண்ட் பில் உதவி: யாருக்கு, எதைப் பார்த்து, எவ்வளவு?

கேள்வி: மின்சாரம், எரிவாயு விலை தாறுமாறாக ஏறும்போது தொழில் செய்கிறவர்களுக்கு அரசு கை கொடுக்க வேண்டும், சரி. யூனிட்டுக்கு இவ்வளவு தள்ளுபடி என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி அறிவித்துவிட்டால் வேலை முடிந்தது. இதில் நியாயம், அநியாயம் என்று இத்தனை பேர் ஏன் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்?

பிப்ரவரி 3, மாலை

நானும் கேட்டவர் கட்சிதான். ஒரு ஃபவுண்ட்ரியில் 19 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். மின்சார உலை இரண்டு, கம்ப்ரஸர் மூன்று, மற்றபடி சின்னச் சின்ன மோட்டார்கள். எங்கள் கரண்ட் பில் சம்பளப் பட்டியலைவிடப் பெரியது. விலை ஏறும் மாதத்தில் வராத உதவி அப்புறம் வந்து என்ன பிரயோஜனம்? அதற்குள் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியிருப்போம்.

பிரிட்டனில் 2022-இல் இப்படித்தான் செய்தார்கள். செப்டம்பர் 21-இல் விவரம் வெளிவந்தது, அக்டோபர் 1 முதல் ஓடிய யூனிட்டுகளுக்கு உதவி. மொத்தச் சந்தை விலையில் மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு (ஒரு கிலோவாட் மணிக்கு) 21.1 பென்ஸ், எரிவாயுவுக்கும் அதே அளவுக்கு 7.5 பென்ஸ் என்று ஒரு கோடு. அதற்கு மேல் போவதை அரசு ஏற்றுக்கொண்டது. கடை, தொழிற்சாலை, மருத்துவமனை, தொண்டு நிறுவனம் எல்லோருக்கும் அதே கோடு. விண்ணப்பம் கிடையாது. மின்சாரம் விற்கிற நிறுவனமே பில்லில் கழித்துக்கொண்டது. விண்ணப்பம் இல்லாத உதவி என்பது என் மாதிரி ஆளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று, ஒரே சான்றிதழை மூன்று முறை கேட்கிற படிவங்களை நிரப்பியவர்களுக்குத்தான் தெரியும்.

பிப்ரவரி 3, இரவு

மேலே உள்ளதை எழுதிவிட்டுப் படுத்தால் ஒரு பழைய விஷயம் உறுத்துகிறது.

ஞாயிற்றுக்கிழமை உலை ஓடாது. அன்றைக்குப் பட்டறைக்குள் போய் நின்றால் ஒரு சத்தம் கேட்கும். ஸ்ஸ் என்று, நாலா பக்கத்திலிருந்தும். காற்றுக் குழாய்க் கசிவு. சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் ஃபிட்டர் அண்ணனும் நானும் ஒரு வாளி சோப்புத் தண்ணீரும் பழைய பெயிண்ட் பிரஷுமாகக் குழாய் குழாயாகப் போனோம். இணைப்பில் தண்ணீரைத் தடவினால், கசிகிற இடத்தில் குமிழி வரும். அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம். 41 வட்டம் போட்டோம். சரியாகக் கவனிக்காத இடங்களில் கம்ப்ரஸர் தள்ளுகிற காற்றில் 20 முதல் 30 சதவீதம் இப்படியே போவது சாதாரணம். அதாவது கரண்டைக் கொடுத்து ஸ்ஸ் சத்தம் வாங்குகிறோம்.

ஹோஸ், கப்ளிங், வால்வு, இரண்டு நாள் கூலி எல்லாம் போட்டு எஸ்டிமேட் எழுதினேன். போட்ட பணம் எட்டு மாதத்தில் திரும்பிவிடும். முதலாளி கையெழுத்துப் போடுகிற நேரம் பார்த்து யூனிட் சலுகை வந்தது. அதே எஸ்டிமேட்டைப் புது ரேட்டில் கணக்குப் போட்டால் ஒன்றரை வருடத்துக்கு மேல் போயிற்று. "இப்ப என்ன அவசரம், அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, கணக்கு அப்படி. சாக்பீஸ் வட்டங்கள் அழிந்தன, கசிவு அப்படியே இருந்தது.

யூனிட் விலையைக் குறைக்கிற உதவி, யூனிட்டைச் சேமிக்கிற காரணத்தையும் சேர்த்தே குறைக்கிறது. என் கட்சியை நானே உடைத்தாயிற்று. நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 5

நாளை என்றேன், மாதச் சம்பளப் பட்டியல் குறுக்கே வந்துவிட்டது.

இந்த நோய்க்கு ஜெர்மனிக்காரர்கள் 2022 கடைசியில் ஒரு மருந்து கண்டார்கள், 2023-இல் கொடுத்தார்கள். பொருளாதார அறிஞர் வெரோனிகா கிரிம் உள்ளிட்டோர் தலைமையில் ஒரு குழு யோசனை சொல்ல, அரசு சட்டமாக்கியது. பெரிய தொழிற்சாலைகளுக்கு எரிவாயு யூனிட்டுக்கு 7 சென்ட், மின்சாரம் 13 சென்ட். ஆனால் அந்த விலை 2021-இல் பயன்படுத்தியதில் 70 சதவீதத்துக்கு மட்டும். வீடுகளுக்கும் சிறு தொழில்களுக்கும், முன்கூட்டி மதிப்பிட்ட வருடப் பயன்பாட்டில் 80 சதவீதத்துக்கு எரிவாயு 12 சென்ட், மின்சாரம் 40 சென்ட்.

சூட்சுமம் '2021-இல்' என்பதில் இருக்கிறது. கணக்குப் போட்டால் புரியும். எந்த நாட்டுக் காசாகவும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பயன்பாடு 1000 யூனிட், சந்தை விலை 30, அரசு சொன்ன விலை 10. உதவி 700 யூனிட்டுக்கு இருபது இருபதாக 14,000. இந்தத் தொகை இந்த மாதம் எவ்வளவு ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்ததில்லை. 1000 யூனிட் ஓட்டினால் 30,000-இல் 14,000 கழித்து 16,000 கட்டுவீர்கள். 900 ஓட்டினால் 13,000. குறைத்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் முழு 30 உங்கள் பையில். எல்லா யூனிட்டுக்கும் விலையை 10 ஆக்கியிருந்தால் ஒரு யூனிட் சேமித்தால் 10தான் மிச்சம், கசிவை யார் அடைப்பார்கள்?

உதவி பழைய மீட்டரைப் பார்க்கிறது, விலை புது மீட்டரைப் பார்க்கிறது. இப்படி ஒரு சலுகை அன்றைக்கு வந்திருந்தால் முதலாளி கையெழுத்துப் போட்டிருப்பார்.

பிப்ரவரி 5, அரை மணி கழித்து

திருத்தம். 7 சென்ட்டையும் 12 சென்ட்டையும் அருகருகே எழுதியது தப்பு. தொழிற்சாலைக்குச் சொன்னது வரி, கம்பிக் கட்டணம், குழாய்க் கட்டணம் எல்லாம் சேர்வதற்கு முந்தைய விலை. வீட்டுக்குச் சொன்னது எல்லாம் சேர்ந்த விலை. இரண்டையும் வைத்து 'பெரிய கம்பெனிக்குப் பாதி விலையா' என்று யாராவது கிளம்பினால் அந்தப் பாவம் எனக்கு.

பிப்ரவரி 9

மருந்து என்று சொன்னேனே, அதற்குப் பக்கவிளைவு உண்டு. நாலு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய பயன்பாட்டைப் பார்த்துக் கொடுத்தால், பழைய காலத்தில் ஊதாரியாக இருந்தவனுக்கு அதிக உதவி. எங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 41 கசிவையும் முன்கூட்டியே அடைத்திருந்தால் எங்கள் பழைய பயன்பாடு குறைவாக இருந்திருக்கும், உதவியும் குறைந்திருக்கும். அடைக்காத பக்கத்துப் பட்டறைக்கு அவன் கசிவுக்கும் சேர்த்துக் காசு. முந்திக்கொண்டு நல்லது செய்தவனுக்குத் தண்டனை.

அப்புறம் 2021 எப்படிப்பட்ட வருடம்? தொற்றுக் காலத்தில் பாதி நாள் பூட்டிக்கிடந்த விடுதிக்கு அந்த வருடத்து மீட்டர் என்ன சொல்லும்? 2022-இல் புதிதாக இரண்டாவது ஷிஃப்ட் போட்டவனுக்கு? புதிதாகத் தொழில் தொடங்கியவனுக்குப் பழைய மீட்டரே கிடையாது, அவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இதற்கும் ஒரு வழி சொல்வார்கள். ஐரோப்பியக் கார்பன் சந்தையில் ஆலைகளுக்குக் கார்பன் புகை விட இலவச உரிமம் கொடுக்கும்போது, அந்தந்தப் பொருளைச் செய்வதில் சிறந்த 10 சதவீத ஆலைகளின் சராசரியை அளவுகோலாக வைக்கிறார்கள். நீ எவ்வளவு எரித்தாய் என்று கேட்பதில்லை, உன் பொருளுக்கு ஒழுங்காகச் செய்தால் எவ்வளவு போதும் என்று பார்க்கிறார்கள். நியாயமான கேள்வி. சிமென்ட்டுக்குச் சரிப்படும், ஒரு டன் கிளிங்கர் (அரைத்தால் சிமென்ட் ஆகிற சுட்ட கட்டி) எங்கேயும் ஒரு டன் கிளிங்கர்தான். எங்கள் ஃபவுண்ட்ரியில் அரைக் கிலோ மூடியிலிருந்து 80 கிலோ பம்ப் உடல் வரை வார்க்கிறோம். சுவர் மெல்லிசான வார்ப்பு என்றால் உலோகத்தை இன்னும் சூடாக்க வேண்டும், ஓட்டை விழுந்து கழிபடுவதும் அதிகம், கழித்ததைத் திரும்ப உருக்க வேண்டும். 'ஒரு டன்னுக்கு இத்தனை யூனிட்' என்று ஒரு எண்ணைச் சொன்னால், மெல்லிசு வேலையை வேண்டாம் என்று சொல்லி தடிமன் வேலையை மட்டும் வாங்கிக்கொள்வோம்.

ஆக, பெரிய ஆலைக்கு அளவுகோல் இருக்கிறது, பட்டறைக்கு இல்லை. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று பார்க்கிற வேலை இது.

பிப்ரவரி 10

சும்மா ஒரு சிரிப்புக்கு. 2023 ஏப்ரலில் பிரிட்டன் உதவியைச் சுருக்கியது. ஆற்றல் அதிகம் தின்கிற, வெளிநாட்டுப் போட்டி உள்ள துறைகளுக்கு மட்டும் கூடுதல் உதவி என்று ஒரு பட்டியல் போட்டார்கள். இரும்பு, கண்ணாடி, பீங்கான் எல்லாம் வந்தன. கூடவே நூலகம், அருங்காட்சியகம், மிருகக்காட்சி சாலையும் வந்தன. தண்ணீரை நாள் முழுக்கச் சூடாக வைத்திருக்கிற நீச்சல் குளங்கள் பட்டியலில் இல்லை. பட்டியல் வெளிவந்த பிறகு, மார்ச் பட்ஜெட்டில் நீச்சல் குளங்களுக்கென்று தனியாக 6.3 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள். புலியும் புத்தகமும் வெளிநாட்டுப் போட்டியில் அடிபடுகின்றன போலிருக்கிறது.

பட்டியலில் இல்லாத மற்றவர்களுக்கு மின்சாரத்தில் கிடைத்தது யூனிட்டுக்கு அதிகபட்சம் 1.96 பென்ஸ். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

பிப்ரவரி 14

பட்டியல், வரம்பு என்று வந்தாலே கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன். பிரான்சின் கதை இதற்குச் சரியான உதாரணம். அங்கே அரசு நிர்ணயித்த மின் கட்டணம் 10 பேருக்குக் குறைவான, மின் இணைப்பின் திறன் 36 கேவிஏ-வுக்கு (கிலோவோல்ட் ஆம்பியர்) மேல் போகாத சிறு நிறுவனங்களுக்கு இருந்தது. ரொட்டி சுடுகிறவர் கடையில் நாலு பேர்தான் வேலை செய்வார்கள். ஆனால் மின்சார அடுப்புக்கு 36 கேவிஏ போதாது. கடை சின்னது, இணைப்பு பெரியது, ஆகவே அவர் தெருவில் நின்றார். 2023 ஜனவரியில் ரொட்டிக்காரர்கள் ஊர்வலமே போனார்கள். அப்புறம் மிகச் சிறு நிறுவனங்களுக்கு அந்த வருடச் சராசரி விலை ஒரு மெகாவாட் மணிக்கு (1000 யூனிட்டுக்கு) 280 யூரோவைத் தாண்டாது என்று உறுதி கொடுத்தார்கள். அதற்கும் ஒரு படிவத்தை நிரப்பி மின் நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அனுப்பாமல் விட்டவருக்கு உதவி தானாக வரவில்லை.

வரம்பைப் பார்த்து மனிதர்கள் உடம்பை வளைத்துக்கொள்வதும் உண்டு. ஒரே கூரை, நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு, இரண்டு மீட்டர், இரண்டு கம்பெனிப் பெயர், இரண்டுக்கும் ஒரே வாசல். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கே என்று கேட்காதீர்கள்.

வரம்பைப் படியில்லாத சுவராகப் போடாமல் சரிவாகப் போட்டால் இந்த விளையாட்டு குறையும். 36-க்கு முழு உதவி, 37-க்குச் சுழியம் என்று இருக்கிற வரை பிளைவுட் வியாபாரம் நன்றாக நடக்கும்.

பிப்ரவரி 15

முதல் குறிப்பில் 'எல்லோருக்கும் அதே கோடு' என்று பிரிட்டனைப் புகழ்ந்தேன். அதுவும் முழு உண்மை இல்லை. நிலையான விலை ஒப்பந்தக்காரர்களில் ஒரு தேதிக்குப் பிறகு கையெழுத்துப் போட்டவர்களுக்குத்தான் உதவி. முதலில் 2022 ஏப்ரல் 1 என்றார்கள், பின்னால் 2021 டிசம்பர் 1 என்று முன்னே தள்ளினார்கள். பழைய மலிவு ஒப்பந்தக்காரருக்கு உதவி தேவையில்லை, அது சரி. 2022 ஆகஸ்ட் மாதம் விலை உச்சத்தில் இருந்தபோது பயந்துபோய் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டவரை நினைத்துப் பாருங்கள். 2023-இல் சந்தை இறங்குகிறது, அரசும் உதவியைக் குறைக்கிறது, இவர் மட்டும் உச்சி விலையில் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

இந்த வலி எனக்குத் தெரியும். எங்களுக்கும் ஒரு முறை ஒரு தரகர் வந்தார். 'இன்று மாலைக்குள் போட்டால்தான் இந்த விலை' என்றார். போட்டோம். பத்து வாரத்தில் சந்தை விலை அதில் பாதிக்கு வந்தது. அந்தக் காகிதத்தை ஃபைலில் வைக்கும்போதெல்லாம் வயிறு எரியும். தரகருக்கு யூனிட்டுக்கு இவ்வளவு என்று கமிஷன் என்பது பிறகுதான் தெரிந்தது.

பிப்ரவரி 22

ஒரு வாரம் ஆடிட். இப்போதுதான் நேரம்.

கேள்வியின் வேர் எங்கே என்று இப்போது தோன்றுவதைச் சொல்கிறேன். யாருக்கு பில் பெரியது என்பது பாதிக் கேள்விதான். ஏறிய பில்லை யார் அடுத்தவன் தலையில் கட்ட முடியும், யாரால் முடியாது என்பது மீதிப் பாதி.

எங்கள் ஆர்டர்களில் ஒரு பிரிவு உண்டு. பழைய இரும்பு விலை ஏறினால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வார்ப்பு விலையையும் அதே அளவு ஏற்றிக்கொள்ளலாம். கரண்ட் விலைக்கு அப்படி ஒரு பிரிவு கிடையாது. நான் 19 வருடமாகக் கேட்கிறேன், வாங்குகிறவர்கள் சிரிக்கிறார்கள். இரும்பு ஏறினால் எங்களுக்கு மூச்சு முட்டாது, கரண்ட் ஏறினால் முட்டும். இன்னொரு பக்கம், சுற்றுவட்டாரத்தில் போட்டியே இல்லாத சலவை நிலையக்காரர் பில் ஏறிய மறுவாரமே விலைப் பலகையை மாற்றிவிடுவார். இரண்டு பேர் பில்லும் ஒரே அளவாக இருக்கலாம். இருவருக்கும் ஒரே உதவி என்றால் அவருக்கு அது லாபம், எங்களுக்கு அது மூச்சு.

பிரிட்டன் பட்டியலில் ஆற்றல் செலவோடு வெளிநாட்டு வணிகத்தையும் பார்த்ததன் காரணம் இதுதான், புலிக்கதையை மறந்துவிட்டால். உலகச் சந்தை விலைக்கு விற்கிறவன் தன் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது.

ஐரோப்பிய ஒன்றியம் வேறு ஒரு அளவு வைத்தது. பெரிய தொகை வேண்டும் என்றால், வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபம் 2021-ஐவிட 40 சதவீதமாவது விழுந்திருக்க வேண்டும். கேட்க நியாயமாக இருக்கிறது, அடிபட்டவனுக்குத்தானே மருந்து. ஆனால் கணக்கு எழுதுகிறவனாகச் சொல்கிறேன், லாபம் 35 சதவீதம் விழும் என்று தெரிந்தால் இன்னும் ஐந்து சதவீதம் விழ வைப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அது மட்டுமா, உதவி உண்டா இல்லையா என்பது வருடம் முடிந்து கணக்கு மூடும்போதுதான் உறுதியாகும். அதுவரை வாங்கிய பணத்தைச் செலவழிக்கவும் பயம். ஜெர்மன் தொழில் துறை இதைப் பற்றி நிறையப் புலம்பியது.

பிப்ரவரி 23

விட்டுப்போன ஒன்று. மீட்டரே தன் பெயரில் இல்லாதவர்கள். ஒரு கட்டடத்தில் எட்டுப் பட்டறை, ஒரு மீட்டர், கட்டட உரிமையாளர் ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்து வசூலிப்பார். உதவி அவர் பில்லில் வரும், எட்டுப் பேருக்கும் போய்ச் சேருமா? பிரிட்டனில் இதற்கென்று தனி விதி போட்டு, உதவியை வாடகைதாரருக்குக் கடத்தியே ஆக வேண்டும் என்றார்கள். நல்ல விதி. ஆனால் உரிமையாளர் மேல் வழக்குப் போடுகிற வாடகைதாரர், அடுத்த வருடம் வேறு இடம் தேட வேண்டியதுதான்.

பிப்ரவரி 26

நிபந்தனைகள் பற்றி. ஜெர்மனியில் 20 லட்சம் யூரோவுக்கு மேல் வாங்கியவர்கள் 2025 ஏப்ரல் வரை 90 சதவீத வேலைகளையாவது காக்க வேண்டியிருந்தது. 5 கோடி யூரோவுக்கு மேல் என்றால் மேலாளர்களுக்குப் போனஸ் கூடாது, பங்காதாயமும் கூடாது. பெரிய இடத்துக்கு இது சரி. பொதுப் பணத்தை வாங்கி பங்குக்காரருக்குப் பிரித்துக் கொடுத்தால் யாருக்கும் கோபம் வரும்.

எனக்குப் பிடித்தது 2025 ஜூனில் ஐரோப்பிய ஆணையம் வகுத்த விதி. ஆற்றல் மிகுந்த தொழில்களுக்கு மொத்தச் சந்தைச் சராசரி விலையில் பாதி வரை தள்ளுபடி தரலாம், வருடப் பயன்பாட்டில் பாதிக்கு மட்டும், மெகாவாட் மணிக்கு 50 யூரோவுக்குக் கீழே போகக் கூடாது. வாங்கிய உதவியில் பாதியையாவது கார்பனைக் குறைக்கிற முதலீட்டில் போட வேண்டும்.

படித்ததும் அந்த 41 வட்டம்தான் ஞாபகம் வந்தது. சலுகைப் பணத்தில் பாதியைக் கசிவுக்கும் மோட்டாருக்கும் போட்டே ஆக வேண்டும் என்றிருந்தால் 'அடுத்த வருஷம் பார்ப்போம்' என்ற பேச்சே வந்திருக்காது. ஆனால் அந்த விதி பெரிய ஆலைகளுக்கானது. எங்களைப் போன்ற பட்டறைக்கு நிரூபிக்கிற செலவே உதவியைத் தின்றுவிடும். எங்களுக்கு நாலு பக்க அறிக்கை வேண்டாம், ஒரு பில்லும் இரண்டு போட்டோவும் போதும் என்று வைத்தால் நடக்கும்.

பிப்ரவரி 28

கேட்டவர் 'கடைசியாக என்னதான் சொல்கிறீர்கள்' என்று கேட்டிருக்கிறார். நியாயம்தான், நான் கட்சி மாறியே காலத்தை ஓட்டிவிட்டேன்.

முதல் மூன்று மாதம் நீங்கள் சொன்னதுதான். விண்ணப்பம் இல்லாமல், பில்லிலேயே, எல்லோருக்கும். அந்த நேரத்தில் நியாயம் பார்த்துக்கொண்டிருந்தால் பட்டறை மூடிவிடும். அந்த மூன்று மாதத்துக்குள் பழைய மீட்டர் முறைக்கு மாற வேண்டும், ஒரு வருடத்தை மட்டும் பார்க்காமல் மூன்று வருடத்தில் எது அதிகமோ அதை எடுக்கலாம், பூட்டிக்கிடந்த விடுதிக்காரர் தப்பிப்பார். புதுத் தொழிலுக்கு, இணைப்பு வாங்கிய அளவை வைத்து ஒரு தொகை. கசிவை முன்பே அடைத்தவருக்கு எப்படி ஈடு கட்டுவது என்பதற்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. அடைத்த பில்லைக் காட்டினால் அந்த யூனிட்டையும் பழைய கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை, ஆனால் போலிப் பில் அச்சடிக்கிற அச்சகங்களை நினைத்தால் சிரிப்பு வருகிறது. விலையை ஏற்றிவிட முடிகிறவனை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதிலும் துறைப் பட்டியலைத் தவிர வேறு கருவி தெரியவில்லை, புலி உள்ளே வந்தாலும் பரவாயில்லை.

இதை எழுதிவிட்டு முதலாளியிடம் அந்தப் பழைய எஸ்டிமேட்டை மறுபடி நீட்டினேன். ஹோஸ் விலை இரண்டு மடங்காகிவிட்டது, கரண்டும் சும்மா இல்லை. திரும்பக் கணக்குப் போட்டால் பத்து மாதம். ஃபிட்டர் அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார், அவர் பையன்தான் இப்போது இருக்கிறான். நாளை ஞாயிறு, வாளியும் பிரஷும் எடுத்து வைத்தாயிற்று. சாக்பீஸ் இந்த முறை வேண்டாம், பெயிண்ட் என்கிறான்.